வண்டிவீடும் மழையும்

1930-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லாமலும் பிரயாண ஆசையை விட மாட்டாமலும் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள் பல, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வண்டிவீடுகளைத் தம் கொல்லையிலேயே கட்டிக்கொள்ளத் தலைப்பட்டன. டெட்ராய்ட் நகரத்து நுண்ணுயிர் நிபுணர் ஆர்தர் ஷெர்மன், தாம் வாங்கிய கூடாரவண்டி மழைக்குத் தாங்காததால் வெறுப்புற்று, மேசனைட் பலகையால் கெட்டியான வண்டியொன்றைச் செய்வித்ததும், அதுவே பெருந்தொழிலாக விருத்தியடைந்ததும் அந்தப் பருவத்தில்தான்.

கொல்லையில் மரத்தால் கட்டிய வண்டிக்கும் மழையே பகை; நனைந்த மரத்தை இற்றுப்போகச் செய்வது ஒருவகைக் காளான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு ஜீவனம் இல்லை. ஆகவே எந்த மரம் நீரை உள்ளே விடாது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை படகு கட்டுவோரிடம் வெகுகாலமாக இருந்தது. பார்வைக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றும் இருவகை ஓக் மரங்களில், செவ்வோக்குத் துண்டின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழிகள் கிளம்பும்; வெள்ளோக்கின் வைரத்திலோ, அதாவது முற்றிய நடுப்பகுதியிலோ, நுண்குழாய்களை மெல்லிய ஜவ்வு அடைத்துக்கொண்டிருப்பதால் காற்றும் புகாது. செடார் மரத்தைக் காப்பது அதன் வைரத்தில் இயற்கையாகவே ஊறியிருக்கும் ரசாயனங்கள். ஆனால் எம்மரமாயினும் பட்டையை அடுத்த வெளிறிய பகுதிக்கு இந்தச் சக்தி கிடையாது; மரத்தின் பெயரை மட்டும் கேட்டு, வைரமா என்று பாராமல் வாங்கினால் பயனில்லை.

கூரைக்கு, மரத்தாலான ரயில் பெட்டிகளிலும் படகுகளின் மேல்தளத்திலும் கையாண்ட முறையே வந்து சேர்ந்தது: வெள்ளை ஈயமும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த பூச்சின்மேல் கித்தானை இறுக விரித்து, அதன்மேல் வர்ணத்தைத் திரும்பத் திரும்பப் பூசுவது. எனினும் நீர் புகுந்தது பரந்த கூரையின் நடுவில் அன்று; மூலைப் பொருத்துகளிலும், திருகாணித் துளைகளிலும், பூச்சுக் காணாத வெட்டுமுனைகளிலும்தான்.

பிளைவுட்டும் முதலில் கைகொடுக்கவில்லை. சோயாப் பசையால் ஒட்டிய அடுக்குகள் நனைந்தால் பிரிந்துவிடும். 1934-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஹார்பர் பிளைவுட் நிறுவனத்து ரசாயன நிபுணர் ஜேம்ஸ் நெவின் நீருக்கு இளகாத பசையைக் கண்ட பின்னரே அக்குறை தீர்ந்தது. என் அபிப்பிராயத்தில், வீட்டுத் தச்சனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எவரும் செய்ததில்லை. 1947 செப்டம்பரில் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை கண்ணீர்த்துளி வடிவ வண்டியின் வரைபடத்தை வெளியிட்டபோது, சாதாரண ரம்பமும் இழைப்புளியும் வைத்திருந்தவரும் அதைக் கட்டத் துணிந்தார்.

அலுமினியத் தகடு போர்த்திய வண்டிகளிலும் பலவற்றின் உட்சட்டம் மரமாகவே நீடித்தது. தகடு பளபளத்திருக்க, உள்ளே மரம் இற்றுப்போயிருக்கக்கூடும் என்பதால், பழைய வண்டியை வாங்குவோர் இன்றும் ஜன்னலுக்குக் கீழுள்ள மூலையைத்தான் முதலில் ஊசிமுனையால் குத்திப் பார்க்கின்றனர்.