பேர்த் நகரம் மழைக்குக் காத்திருந்த 25 வருடங்கள்



மாரி பெய்ததும் நம்மூரில் தண்ணீர்ப் பேச்சு நின்றுவிட்டது. கிணறு நிறைந்தால் நாம் அப்படித்தான். அதனால்தான் இன்று அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரத்தின் கதையை எழுதுகிறோம். நம் கரையைப் போல அதுவும் மணல்மேல் எழுந்த ஊர்; வீட்டு வளவில் குழாய்க்கிணறு அடித்தால் தண்ணீர் வரும் ஊர்.

தண்ணீர் விசயத்தில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. 1903இல் பேர்த்துக்கு அருகிலுள்ள முண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கல்கூர்லி தங்கவயலுக்குக் குழாயில் நீர் அனுப்பினார்கள். (அதைத் திட்டமிட்ட பொறியியலாளர் ஓகொனர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, 1902இல் இறந்துவிட்டார்.) பிறகு மலைப்பக்கம் அணைக்குமேல் அணை கட்டினார்கள்.

1970களின் நடுவில் குளிர்கால மழை குறையத் தொடங்கியது. குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அணைகளுக்கு வந்த நீரைப் பாருங்கள். 1911 முதல் 1974 வரை வருடச் சராசரி 338 பில்லியன் லீற்றர். 1975 முதல் 2000 வரை 177. அதற்குப் பிறகு 100ஐயும் எட்டவில்லை. மழைநீரை முதலில் குடிப்பது மண்ணும் காடும். மிச்சம்தான் ஓடைக்கு வரும். காட்டுக்கடியில் நிலத்தடி நீர் கீழே போனதும் ஓடைகளும் ஓய்ந்தன.

இங்கேதான் பாடம் இருக்கிறது. சராசரியை எந்த வருடத்திலிருந்து எடுப்பது? 1911இலிருந்து எடுத்தால், "இது தற்காலிக வரட்சி, மழை திரும்பும்" என்று ஆறுதல் சொல்லலாம். 1975இலிருந்து எடுத்தால், பழைய மழை போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள அந்த நகரத்துக்குக் கிட்டத்தட்ட 25 வருடங்கள் பிடித்தன. 2001இல் அணைகள் மோசமாக இறங்கியபோதுதான் தோட்டங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தண்ணீர் என்ற கட்டுப்பாடு வந்தது.

பிறகு அரசியலும் நுழைந்தது. 2005 தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் கொலின் பார்னெட், வடக்கேயுள்ள கிம்பர்லியிலிருந்து 3,700 கிலோமீற்றர் கால்வாய் வெட்டுவதாக வாக்களித்தார், தோற்றார். தெற்கே யரகடி நிலத்தடி நீரை நகரத்துக்கு எடுக்கும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். 2007இல் அது கைவிடப்பட்டது. இது நமக்குப் புதிதல்ல. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகக் கிளிநொச்சி விவசாயிகள் சம்மதிக்கவில்லை. கடைசியில் 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள்.

பேர்த்தும் கடலுக்குத்தான் போனது. 2006இல் குவினானாவில் வருடத்துக்கு 45 பில்லியன் லீற்றர் தரும் நிலையம்; 2011இல் பின்னிங்கப்பில் இரண்டாவது. மழையை நம்பாத தண்ணீர், ஆனால் மின்சாரத்தை விழுங்கும் தண்ணீர். நம்மைப் போன்ற ஊருக்கு இதுதான் முதல் வழி என்று யாராவது சொன்னால் நாங்கள் கொஞ்சம் சந்தேகிப்போம்.

எங்களை அதிகம் கவர்ந்தது மூன்றாவது வழி. கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்து ஆழத்து நீர்ப்படைக்குள் இறக்குகிறார்கள். 2010 முதல் 2012 வரை பரீட்சித்து, மக்களை அழைத்துவந்து காட்டி, 2017இல்தான் முழு அளவில் தொடங்கினார்கள். "அது நஜீஸ் இல்லையா?" என்று நம்மில் கேட்பவர்கள் இருப்பார்கள். நல்ல கேள்விதான். நிறமும் சுவையும் மணமும் மாறி முழுமையாகச் சுத்தமான நீர் தூய்மையானதே என்று சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978இலேயே முடிவு சொல்லியிருக்கிறது.

பேர்த்திடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்று, எழுதிவைத்த கணக்கு. ஆகவே மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வளவுக் கிணறு எந்த வருடம் வற்றியது, எந்த வருடம் உவர்த்தது, எத்தனை முழத்தில் தண்ணீர் நின்றது என்பதைக் கீழே எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் பதியத் தொடங்குகிறோம்.