சாஷ்டித் தீவு எவர் கையில்?

மும்பையின் கிழக்குப் புறநகராக இன்று அறியப்படும் காட்கோபர், பழைய பம்பாயின் ஏழு தீவுகளுள் அடங்கியதன்று. அவற்றுக்கு வடக்கே, அறுபத்தாறு ஊர்களைக் கொண்டது என்னும் பொருளில் மராத்தியர் சாஷ்டி என்றும், ஐரோப்பியர் சால்செட் என்றும் வழங்கிய பெருந்தீவின் பகுதி அது. இத்தீவின் வரலாறு எழுப்பும், பரந்த பேரரசொன்றில் அதிகாரம் உண்மையில் எவரிடம் உள்ளது என்ற கேள்வி நெடுந்தொலை எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் நாவல்களிலும் எழுகிறது. 1965இல் வெளிவந்த ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலில் பேரரசரும், பிரபுக் குலங்களும், விண்வெளிப் பயணத்தைத் தன் பிடியில் வைத்த சங்கமும் ஒருவரையொருவர் கட்டுப்படுத்துகின்றனர். சாஷ்டியின் மக்கள் அத்தகைய ஆட்சியின்கீழ் உண்மையிலேயே வாழ்ந்தார்கள்.

குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534இல் வசாயையும் அதனைச் சார்ந்த தீவுகளையும் போர்த்துக்கீசியருக்கு அளித்தபின், அரசர் லிஸ்பனிலும் அவருடைய பிரதிநிதி கோவாவிலும் இருக்க, ஊர்நிலங்கள் ‘ஃபோரோ’ எனப்பட்ட நிலையான குத்தகைப் பணத்துக்குத் தனியாரிடமும் துறவியர் சபைகளிடமும் விடப்பட்டன. 1580இல் போர்த்துக்கல்லின் முடி ஸ்பெயின் அரசரிடம் சென்று 1640இல் மீண்டபோதும் இந்த நில ஏற்பாடு தொடர்ந்தது என்பது கருதத்தக்கது. உழவரைப் பொறுத்தவரை நிலத்தைப் பிடித்திருந்தவரே அரசு.

மராத்தியர் 1737இல் கைப்பற்றிய இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் ஆட்சிக்குழு 1774ஆம் ஆண்டின் இறுதியில் தாணே கோட்டையைத் தாக்கிப் பறித்தது. அடுத்த மார்ச்சில், பேஷ்வா பதவிக்கு உரிமை கோரிய ரகுநாதராவுடன் சூரத்தில் உடன்படிக்கை செய்து, சாஷ்டியையும் வசாயையும் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டது. ஆனால் 1773ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரும் உடன்படிக்கையும் செய்ய கல்கத்தாவில் இருந்த தலைமை ஆளுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதைப் பெறாத செயலை அக்குழு செல்லாதென அறிவித்துத் தன் தூதரைப் புனேவுக்கு அனுப்பி, 1776இல் புரந்தரில் வேறோர் உடன்படிக்கையை முடித்தது. லண்டன் இயக்குநர்களோ, கல்கத்தா தள்ளிய சூரத் உடன்படிக்கையையே ஏற்றார்கள். பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்த கடிதங்கள் வந்து சேர்வதற்குள் படை நகர்ந்துவிடும், கோட்டை விழுந்துவிடும். இந்தத் தாமதமே பம்பாய்க் குழுவின் பெரும்பலமாக இருந்தது. சட்டம் கல்கத்தாவுக்குத் தந்த மேலாதிக்கம் அத்துமீறலைக் கண்டிக்கப் பயன்பட்டதே தவிர, பறித்த தீவைத் திருப்பிக் கொடுக்கப் பயன்படவில்லை. புரந்தரும் சாஷ்டியைக் கம்பெனியிடமே விட்டுவைத்தது. போரும் பேச்சுவார்த்தையும் ஓய்ந்து 1782இல் சால்பாய் உடன்படிக்கையில் அந்த உடைமை உறுதியானபோது, மூன்று அவைகளும் மாறிமாறி வழக்காடிய அந்த ஊர்களின் குடிகளிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

1853இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயில் காட்கோபர் நிலத்தினூடே சென்றது. 1870இல் கடலடித் தந்தி பம்பாயை லண்டனுடன் இணைத்தபின், கடிதம் வருமுன் கோட்டையைப் பிடித்துவிடும் வாய்ப்பு பம்பாய் ஆட்சியாளருக்கு இல்லாமற்போயிற்று.