அரபுத் தமிழிலிருந்து கியூஆர் அட்டை வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஆறுதலாக வாசியுங்கள்.

"எங்கட ஆக்களுக்கு இந்த அப் எல்லாம் விளங்காது." அடம்பன் பக்கத்தில் ஆசிரியர்களாகிய நாங்களே ஒருவருக்கொருவர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் வசனம் இது. பணம் அனுப்புவது, படிவம் நிரப்புவது, மின்கட்டணம் கட்டுவது என்று எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்ட காலத்தில், வயலுக்குப் போகும் மனிதரும் வீட்டில் இருக்கும் உம்மாவும் பின்தங்கிப் போனதற்கு நாங்கள் சொல்லும் ஒரே காரணம் அவர்களுடைய விளக்கக்குறைவுதான். வரலாற்றைப் பார்த்தால் இந்த வசனம் நிற்காது. இதைவிடக் கடினமான விசயங்களை இதே ஆட்கள் கையாண்டிருக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் இவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினார்களா என்பதுதான் கேள்வி.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் இருந்த முஸ்லிம் பெண்களில் மிகப் பலர் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் ஐந்து வயதில் ஓதப் போனவர்கள். அலிஃபும் பேயும் தெரியும், ஸபர், ஸேர், பேஷ் தெரியும், குர்ஆனைத் தடையில்லாமல் ஓதத் தெரியும். அரபு எழுத்து வாசிக்கும், ஆனால் அரபு விளங்காது. தமிழ் விளங்கும், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்காது. இந்த இரண்டு பாதிகளையும் ஒட்டி உருவானதுதான் அரபுத் தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக இருக்கிற அரபு எழுத்துகளிலேயே மேலதிகப் புள்ளிகளையும் குறிகளையும் போட்டார்கள். எகர, ஒகரத்துக்கும் குறி கண்டுபிடித்தார்கள். கண் பழகிய எழுத்திலேயே காது பழகிய மொழி வந்தது. ஓதத் தெரிந்த ஒரு பெண் சில புதிய குறிகளை மட்டும் பழகிக்கொண்டு தொழுகைச் சட்டத்தையும் நோன்புச் சட்டத்தையும் தானே வாசிக்கலாம், இன்னொருவரிடம் போய் நிற்கத் தேவையில்லை.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியவர்கள் இந்த எழுத்தில் நூல்கள் எழுதினார்கள். அவர் இலங்கைக்கும் வந்து போனவர், இங்கும் அவருக்கு மாணவர் பரம்பரை உண்டு. அந்த நூல்களில் பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை கணிசமானவை என்பதை நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். எழுதியவர்கள் அரபியில் கரை கண்டவர்கள். தங்கள் புலமைக்கு ஏற்ற எழுத்திலேயே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். வாசிப்பவளின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். இன்றைக்குச் செயலி செய்கிறவர்கள் 'பயனர் அனுபவம்' என்று பெரிய பெயர் வைத்து அழைப்பது இதைத்தான்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பள்ளிக்கூடங்கள் பெருகி, பிள்ளைகள் தமிழ் எழுத்தில் படிக்கத் தொடங்கியபின் அரபுத் தமிழ் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. உம்மும்மா மனப்பாடமாக வாசித்த கிதாபு பேரப்பிள்ளைக்குப் பூட்டிய பெட்டி. ஒரு தலைமுறைக்குத் திறந்த வழி அடுத்த தலைமுறைக்கு அடைபட்டது. இந்த விசயம் பின்னாலும் வரும், ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அடுத்தது தட்டச்சுப் பொறி. தமிழுக்கு 247 எழுத்துகள். எங்கள் பெயர்களுக்கு வேண்டிய ஜ, ஷ, ஸ, ஹ வேறு. ஆங்கிலப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். இதை எப்படி அடக்குவது? இந்தக் கணக்கைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் எங்கள் வடக்கைச் சேர்ந்தவர்: 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து 1907இல் மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. தமிழ் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். கொம்பு, கால், புள்ளி என்று திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளைத் தனி விசைகளில் வைத்தார். சில விசைகளை அடித்தால் குறி விழும், ஆனால் உருளை நகராது. ஆகவே 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடித்து, பிறகு 'க' அடிக்க வேண்டும். ஜேர்மனியில் பொறிகள் செய்யப்பட்டு வந்தன.

நாம் எழுதும் ஒழுங்குக்கு இது தலைகீழ். எழுத்தை எழுதிவிட்டுத்தான் புள்ளி வைப்போம். அந்த இடத்தில் மனிதர்தான் பொறிக்கு இறங்கிப் போனார். உலோகக் கம்பிகளாலான இயந்திரம், வேறு வழி இல்லை. 'கொ' அடிக்கும்போது மட்டும் கொம்பு, க, கால் என்று கை எழுதும் அதே வரிசை. பழைய தட்டெழுத்தாளர்களின் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழகிவிட்டால் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், அது அவர்களுடைய தொழில். நாளாந்தக் காரியத்துக்கு வரும் சாதாரண ஒருவரிடம் அந்தப் பயிற்சியை எதிர்பார்க்க முடியாது.

கணினி வந்தபோது அந்தக் கட்டாயம் போயிருக்க வேண்டும். இலங்கையில் நடந்தது வேறு. ரெங்கநாதன் தட்டச்சு விசையமைப்பை வைத்து வந்த பாமினி எழுத்துருதான் எங்கள் அச்சகங்களையும் பாடசாலைகளையும் காரியாலயங்களையும் பிடித்துக்கொண்டது. தட்டச்சுப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். பழைய விரல், புதிய திரை. தெரிந்ததிலிருந்து தொடங்குவது என்ற எங்கள் அளவுகோலில் பாமினிக்கு நல்ல புள்ளி கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் உள்ளே என்ன நடந்தது? பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு அதற்கு மேல் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படுத்தினால் ஒழுங்கு வராது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கோ அது வெறும் உளறல். 1991இல் வெளிவந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்துவிட்டது. ரெங்கநாதன் விசையமைப்பையே யுனிகோடுக்குரியதாக்கி இலங்கை நியமமும் வந்தது. அப்படியிருந்தும் வினாத்தாள்களைப் பாமினியில் அடிக்கும் பழக்கம் இன்னும் முற்றாக விடவில்லை. உம்மும்மாவின் கிதாபுக்கு நடந்ததுதான் எங்கள் 20 வருட வினாத்தாள்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

தமிழ்நாடு வேறு பாதை எடுத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'க'வை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதாவது முதலாம் வகுப்பில் படித்த உயிர், மெய், உயிர்மெய் இலக்கணமே விசைப்பலகை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் வெளிவந்த செல்லினம் தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. இவற்றை இன்னும் விரிவாக எழுதலாம், ஆனால் நாங்கள் சொல்ல வந்தது வேறு: எழுதவே வேண்டாத இடத்தில் என்ன செய்வது?

அதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு விடை இருந்தது. 1990களின் கடைசியில் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோ உதவியுடன் இணையத்தை வானொலிக்குள் கொண்டுவந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடி, கிடைத்ததை உள்ளூர் மொழியில் விளக்குவார். கேட்பவருக்குக் கணினியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வானொலிப் பெட்டி போதும். அதே காலத்தில் புதுச்சேரி மீனவக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர விபரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தது. செய்மதி, கணினி, இணையம் என்று அத்தனை சிக்கலும் ஒரு மூலையில் இருக்க, மீனவருக்கு வந்து சேர்ந்தது காது அறிந்த ஒரு குரல். 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தில் இதே ஒலிபெருக்கிதான் சனத்தை ஓட வைத்து உயிர்களைக் காப்பாற்றியது.

பின்னர் அதே நிறுவனம் மீனவர்களுக்கென்று ஒரு கைப்பேசிச் செயலியையும் செய்தது. கடல் எல்லையை நெருங்கினால் அது எச்சரிக்கும். மன்னார் வளைகுடாவில் 1976 உடன்படிக்கையில் தாளில் கீறிய கோடு தண்ணீரில் தெரியாது. எங்கள் கரையோர மீனவருக்கும் அந்தப் பக்கத்து மீனவருக்கும் இந்தச் சிறிய சத்தம் எவ்வளவு பெரிய விசயம் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இனி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் 2022. பெற்றோல் செட்டில் நாட்கணக்கில் வரிசை. யூலையில் தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. பதிவதற்கு அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம், தொலைபேசிக்கு வரும் இரகசிய எண் எல்லாம் வேண்டும். அடம்பன் போன்ற இடத்தில் இது தோற்றுப்போகும் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம்.

தோற்கவில்லை. காரணம், அதைச் செய்தவர்கள் (தெரிந்தோ தெரியாமலோ) ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள்: கியூஆர் குறியைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவரலாம். சிக்கலான கணக்கு முழுவதும் பெற்றோல் அடிப்பவரின் கைப்பேசியில். வாகனக்காரர் கொண்டுபோக வேண்டியது ஒரு கடதாசித் துண்டு. கடதாசியைக் காட்டிப் பொருள் வாங்கும் பழக்கம் எங்கள் சனத்துக்குப் புதிதா? கூப்பன் காலத்திலிருந்து, நிவாரண அட்டைக் காலத்திலிருந்து கைவந்த கலை. கொமினிகேஷன் கடைகளில் பதிந்து, அச்சடித்து, லமினேட் செய்து, துளை போட்டுத் திறப்புக் கொத்தோடு மாட்டிக்கொண்டார்கள். 'அப் விளங்காது' என்று நாங்கள் சொன்ன அதே ஆட்கள்தான்.

இடறியது எங்கே என்றால் பதிவுப் படியில். வாகனம் இறந்துபோன தகப்பன் பெயரில், தொலைபேசி மகன் பெயரில், ஆள் மூன்றாமவர். 'ஒரு ஆள், ஒரு இலக்கம், ஒரு வாகனம்' என்று நினைத்துச் செய்த படிவத்துக்குள் எங்கள் குடும்பங்கள் அடங்கவில்லை. கடைப் பையனிடம் அடையாள அட்டையையும் இரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கமும் அங்கேதான் வளர்ந்தது. பிறகு அதே பழக்கத்தை மோசடிக்காரர்கள் பயன்படுத்தினால் குற்றத்தை ஏமாந்தவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

பெயர் இன்னொரு தொல்லை. முகம்மது, முஹம்மது, முகமது, முஹம்மத் என்று தமிழிலேயே நான்கு. ஆங்கிலத்தில் எழுதினால் அதைவிட அதிகம். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்தில் பலர் பத்திரங்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். பிறகு புத்தளத்தில் ஒரு பிரதி, மன்னார்க் கச்சேரியில் ஒரு பிரதி என்று எடுக்கும்போது ஒவ்வொரு எழுதுவினைஞரும் தன் காதுக்கு ஏற்ப எழுதினார். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று விளங்கும். கணினிக்கு அவர்கள் நான்கு பேர். இனி வரப்போகும் டிஜிட்டல் அடையாள அட்டை இதை எப்படிக் கையாளும் என்பதை இப்போதே கேட்க வேண்டும், அச்சடித்த பிறகு அல்ல.

எங்கள் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் படித்து, செயலி செய்யப் பழகும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்: செய்து முடித்ததும் நண்பனிடம் காட்டாதீர்கள், வாப்பாவிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல் பேசாமல் பாருங்கள். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை முடியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டு அலுமாரியில் அரபுத் தமிழ்க் கிதாபு ஏதும் இருந்தால் ஒவ்வொரு பக்கமாகத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவர் இருந்தால் சில பக்கங்களை வாசிக்கச் சொல்லிக் குரலையும் பதியுங்கள். 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இப்படிப்பட்ட ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறது. ஆசிரியர்கள் பழைய பாமினி வினாத்தாள்களை யுனிகோடுக்கு மாற்றியே மற்றவர்களுக்கு அனுப்புங்கள், மாற்றித் தரும் வசதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிதாபு இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள், அடம்பன், விடத்தல்தீவுப் பக்கமென்றால் நாங்களே வந்து படம் எடுத்துத் தருகிறோம்.