மோரே: வழி மறிக்கப்பட்ட இடத்தில் எழுந்த ஊர்

தமிழர் அயல்நாடு சென்ற வரலாற்றைப் பேசும்போது நம் நினைவில் எழுவது கப்பலே. கடல்துறைகள் பேசப்படும் அளவுக்குக் காட்டுவழிகள் பேசப்படுவதில்லை. ஆயினும், தரைவழியே பர்மா திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, தடுக்கப்பட்ட இடத்திலேயே ஒரு சந்தையை எழுப்பிய தமிழரும் உளர். அவ்வூர் மணிப்பூரின் கிழக்கு விளிம்பிலுள்ள மோரே. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர். எல்லைக்கோட்டின் மறுபுறம் நாம்பாலாங் சந்தை. அதற்கப்பால் பர்மாவின் தமு நகரம்.

மணிப்பூர்ச் சமவெளியைக் கபோ பள்ளத்தாக்குடன் இணைக்கும் இவ்வழி பழமையானது. வணிகர் சென்ற தடத்திலேயே படைகளும் சென்றன. 1834இல் அப்பள்ளத்தாக்கு பர்மாவுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவுடன் சேர்க்கப்பட்டு 1937 வரை அதன் மாகாணமாகவே இருந்தமையால், எல்லை பெயரளவில்தான் நின்றது. 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பர்மாவிலிருந்த இந்தியர் பெருந்திரளாக நடந்தே வெளியேறினர். தமு வழியாக இம்பாலை நோக்கி வந்தோரில் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தவர் பலர்.

போர் முடிந்தபின் பலர் பர்மாவுக்கே திரும்பினர். ஆனால் 1962இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. கையிருப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. கப்பலேறிச் சென்னை வந்தோர்க்கு முகாம்கள் கிடைத்தன. பர்மா பஜார் அவர்கள் உழைப்பில் எழுந்தது. எனினும், அவர்களுள் பலர் பிறந்தது பர்மாவில்; தாய்நாடு என்று அனுப்பப்பட்ட தமிழகமோ அவர்கள் அதுவரை காணாதது. முகாம் வாழ்வில் ஒட்டாத சிலர், விட்டு வந்த வீட்டையும் உறவையும் நாடி, வடகிழக்குவரை சென்று தரைவழியே பர்மாவுக்குள் நுழைய முயன்றனர். பர்மியக் காவலர் திருப்பி அனுப்பினர். சென்னைக்கு மீளவும் மனமின்றி மோரேயில் தங்கினர். தாராவிக்குத் தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த நெல்லைத் தமிழர்க்கு ஊர் திரும்ப ரயில் இருந்தது. இவர்களுக்கு இருபுறமும் வழியில்லை.

வியப்பு இதன்பின்தான். பர்மிய மொழியறிவு, இருபுற விலையறிவு, எல்லைக்கப்பால் எஞ்சியிருந்த உறவு ஆகிய மூன்றுமே இவர்களின் முதல். குக்கி, மைதேயி, நேபாளி, பஞ்சாபி, மார்வாரி மக்களோடு கலந்து வாழ்ந்து, சிற்றூரைச் சந்தையூராக்கினர். தமிழ்ச் சங்கம் அமைத்தனர். அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுப்பினர். இட்டிலிக்கு அருகே அத்தோவும் விற்கும் கடைத்தெரு அது. கடத்தல் வாணிகம் என்று முகம் சுளிப்போர் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சட்டவழி வாணிகத்துக்கு வாயிலே அமைக்கப்படாத ஊரில் கூடை சுமந்து கடந்த பெண்ணையும் அச்சொல்லால் அழைப்பது நேர்மையன்று. இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டதே 1967இல்தான்.

அவ்வாயில் 1995 ஏப்ரல் 12 அன்று திறந்தது. முந்தைய ஆண்டின் ஒப்பந்தப்படி 22 பொருள்கள் கடக்கலாம் என்பது ஏற்பாடு. மோரேத் தமிழர் தழைத்திருக்க வேண்டிய காலம். ஆனால் அதே பத்தாண்டில்தான் நாகர்–குக்கி மோதல் மூண்டது. தமிழரும் தாக்குதலுக்கு ஆளாயினர். ஆயுதக் குழுக்களின் வசூலும் சேர, பல குடும்பங்கள் சென்னைக்குப் புறப்பட்டன. பல்லாயிரவராய் இருந்தோர் சில ஆயிரவராயினர். சாலையைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் எழுதுவோர் இக்குறைவை ஏனோ கணக்கில் கொள்வதில்லை.

2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் வாயில் அடைபட்டது. 2021இல் பர்மாவில் மீண்டும் இராணுவ ஆட்சி. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து சென்ற தமிழ் இளைஞர் இருவர் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட கலவரத்தில், எத்தரப்பிலும் சேராத மோரேத் தமிழரின் வீடுகளும் எரிந்தன.

2024 பிப்ரவரியில், எல்லை மக்கள் கடவுச்சீட்டின்றிச் சென்றுவரும் ஏற்பாட்டை நிறுத்துவதாகவும், 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதற்கும் வேலியிடுவதாகவும் இந்திய அரசு அறிவித்தது. அப்போதே வேலியிட்டு முடிந்துவிட்டதாக அரசு குறிப்பிட்ட 10 கிலோமீட்டர், மோரேயில் உள்ளது.