தீக்குச்சி மெக்கானோ

தீக்குச்சி மெக்கானோ என்பது தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வு ரப்பர்க் குழாயையும் கொண்டு வடிவியல் உருவங்களைக் கட்டும் ஒரு கைவினை முறையாகும். மிதிவண்டிக் கடைகளில் இக்குழாய் வால்டியூப் எனப்படும். பள்ளிகளில் தன்னார்வலர்கள் எளிதாகக் கற்பிக்கக்கூடிய கைவேலைகளுள் இது குறிப்பிடத்தக்கது. துளைத்த உலோகப் பட்டைகளை மரையாணிகளால் இணைக்கும் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளின் பெயரையே இதுவும் பெற்றது. அதற்கு இங்கிலாந்தின் பிராங்க் ஆர்ன்பி 1901இல் காப்புரிமை பெற்றார். விலை மிகுந்த அதனைக் கிராமப் பள்ளிகள் வாங்க இயலாது.

வரலாறு

இம்முறையை உருவாக்கியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் படித்த இவர், புனேயில் சரக்குந்துத் தொழிற்சாலையில் பணியாற்றினார். 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் சேர்ந்தார். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம், அவ்வாண்டில்தான் மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளுக்கு உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பவற்றைக் கொண்டே சோதனைகளை அமைக்க வேண்டியிருந்தது. அத்தேடலில் பிறந்ததே இம்முறை. பல்கலைக்கழக ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் தன்னார்வமாகப் பங்கேற்ற அத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. பொம்மைகளோ பிழைத்துக்கொண்டன, குப்தாவின் நூல் பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. 2018இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

செய்முறை

தீக்குச்சிகளின் மருந்தை முதலில் சுரண்டி நீக்கிவிட வேண்டும். குழாயை ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டி, இரு முனைகளிலும் குச்சிகளைச் செருகினால் இரட்டை இணைப்பு கிடைக்கும். துண்டின் நடுவே கருவேல முள்ளால் துளையிட்டு, முனை சீவிய மூன்றாம் குச்சியைச் செருகினால் மும்மை இணைப்பு. ஒரு துண்டின் துளை வழியே மற்றொரு துண்டை இழுத்தால் நான்கு கைகள் கொண்ட பெருக்கல் குறி உருவாகும். அதன் ஒரு கையில் மூன்றாவது துண்டைக் கோத்தால் ஐந்து, ஆறு குச்சிகளையும் இணைக்கலாம். ரப்பர் வளைவதால் கோணம் எதுவாயினும் இணைப்பு பொருந்தும்.

வகுப்பறையில்

சதுரத்தை அழுத்தினால் அது சாய்சதுரமாகிவிடும், முக்கோணம் அசையாது. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணத்தை மாணவர் தம் விரல்களாலேயே அறிகின்றனர். கற்பிப்பவர் இதனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும்.

ஆறு குச்சிகளால் நான்கு சமபக்க முக்கோணங்கள் அமைக்கச் சொல்வது மற்றொரு நல்ல தொடக்கம். மேசையின் மேல் முயல்வோர் தோற்பர்; உருவத்தை மேலே எழுப்பினால்தான் நான்முகி கிடைக்கும். 30 குச்சிகளும் 12 ஐம்மை இணைப்புகளும் இருபதுமுகியைத் தரும். அதிலிருந்து ஓர் இணைப்பையும் அதன் ஐந்து குச்சிகளையும் நீக்கினால், பக்மினிஸ்டர் புல்லர் புகழ்பெறச் செய்த குவிமாடத்தின் எளிய வடிவம் எஞ்சும்.

சிறு வகுப்பினருக்குத் துளையிட்ட துண்டுகளை முன்னரே ஆயத்தம் செய்து கொடுப்பது நல்லது. மருந்து சுரண்டும் வேலையையும் பெரியவர்களே செய்ய வேண்டும். மரக்குச்சிகளே ஏற்றவை, மெழுகுக் குச்சிகள் செருகும்போது வளைந்துவிடும்.