உணக்கலும் உலர்த்தலும்: உடும்பஞ்சோலை வழக்கை முன்வைத்து ஒரு சொல்வரலாறு

1. முன்னுரை

ஞாயிற்றின் வெப்பத்தால் உணவுப் பொருளின் ஈரத்தைப் போக்கிச் சேமிக்கும் முறை மிகத் தொன்மையானது. அதனைச் சுட்டும் தமிழ்ச் சொற்களின் வரலாற்றையும், வேளாண் நூல்களை மொழிபெயர்ப்போர்க்கு அவ்வரலாறு தரும் பயனையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை வட்டம் இங்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

2. இலக்கியச் சான்றுகள்

பட்டினப்பாலையில் மகளிர் முற்றத்தில் உலரும் உணவுப் பொருளைக் கவர வரும் கோழியைக் காதணி எறிந்து விரட்டுகின்றனர். நற்றிணை 45ஆம் பாடலில் நெய்தல் நிலப் பெண் சுறா மீன் துண்டங்களை உலர்த்திப் புள்ளினம் ஓப்புகிறாள். இரண்டிடத்தும் பயில்வது 'உணங்கு', 'உணக்கு' என்னும் வினையடியே. திறந்த வெளியில் உலர்த்துவதற்குக் காவல் இன்றியமையாதது என்பதும் இவற்றால் பெறப்படும்.

திருக்குறள் 1037இல் ஒரு பலப் புழுதி காற்பலமாகும்வரை உணக்குதல் கூறப்படுகிறது. அங்குப் பொருள் உழுத மண்ணேயாயினும், உலர்தலை எடைக் குறைவால் அளக்கும் முறை நோக்கத்தக்கது. மிளகு உலர்ந்தபின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும், ஏலக்காய் ஐந்தில் ஒரு பங்காகவும் நிற்கும் என இன்று கணக்கிடுவதும் இம்முறை சார்ந்ததே.

3. சொற்களின் போக்கு

உணங்கு (தன்வினை), உணக்கு (பிறவினை) என்னும் இணை மலையாளத்தில் இன்றும் பேச்சு வழக்கில் உள்ளது. 'உணக்கமீன்' என்பது கருவாடு. கன்னடத்து 'ஒணகு' இதன் இனச்சொல். பொதுத் தமிழிலோ இது நூல்வழக்காக ஒடுங்கிற்று. அவ்விடத்தை எழுத்தில் 'உலர்த்து' என்பதும், பேச்சில் 'காய வை' என்பதும் கொண்டன. 'காய்' என்பதன் பிறவினையாகிய 'காய்ச்சு' பால் முதலிய நீர்மங்களைச் சூடேற்றுதலுக்கே உரியதாகிவிட்டமையின், உலர்த்துதற்குத் துணைவினை வேண்டியதாயிற்று எனலாம்.

'வற்று' என்னும் வினை நீர் குறைதலை உணர்த்தி, 'வற்றல்' என்ற பெயரைத் தந்தது. பாலக்காட்டுப் பகுதியில் உப்பிட்டு வெயிலில் உலர்த்திய காய்கறி 'கொண்டாட்டம்' எனப்படும். பொதுத் தமிழ்ப் பொருளை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் இங்கு வழுவ இடமுண்டு.

4. மிளகும் ஏலமும்

உடும்பஞ்சோலையில் இவ்வேறுபாடு பொருளியல் சார்ந்தது. மிளகு பெரும்பாலும் வெயில் மிகுந்த மாதங்களில் பறிக்கப்படுகிறது. கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி வெயிலில் பரப்பினால் அது விரைந்து உலர்ந்து ஒரே சீரான கருமை பெறும். ஏலக்காய் அறுவடையின் பெரும்பகுதி மழைக்காலத்தோடு இணைவது. அன்றியும், நேர் வெயில் பட்டால் அதன் பச்சை நிறம் வெளிறும். நிறம் குன்றினால் விலையும் குன்றும். ஆகவே 'ஸ்டோர்' என வழங்கும் கட்டடத்துள் வெப்பமூட்டி அதனை உலர்த்துவது மரபாயிற்று. இதற்கு விறகு பேரளவில் வேண்டியிருந்தமையால் காட்டின் நலனும் இத்தொழிலோடு பிணைந்தது. 1978இல் மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

கண்ணாடி மூடிய பெட்டியில் ஞாயிற்று வெப்பம் தங்குவதை 1767இல் சுவிட்சர்லாந்தின் சொசூர் செய்து காட்டினார். அவ்வடிப்படையில் அமைந்த உலர்த்திகள் இருவகைப்படும். ஒன்றில் பொருளின்மேல் ஒளி நேரே படும். மற்றதில் வேறிடத்தில் சூடேறிய காற்று மட்டும் பொருளைச் சென்றடையும். ஏலத்திற்கு ஏற்றது பின்னதே.

5. முடிவுரை

எனவே, இவ்விருவகைக்கும் 'வெயிலில் காய வைத்தல்' என்றே எழுதுவது பிழையான அறிவுரையாகி உழவர்க்கு இழப்பைத் தரும். முன்னதை 'வெயிலுலர்த்தல்' எனவும், பின்னதை 'வெப்பக் காற்றுலர்த்தல்' எனவும் பிரித்து வழங்குதல் தகும். இரண்டிற்கும் பொதுச்சொல் வேண்டுமிடத்து, எல்லைப் பகுதிக்கான நூல்களிலேனும் 'உணக்கு' என்பதைக் கொள்ளலாம். சங்க நூல்களில் பயின்ற அச்சொல் அங்குள்ள இருமொழியார்க்கும் விளக்கமின்றியே புரியும். கலைச்சொல்லாக்கத்தில் அண்டை மொழியின் அன்றாட வழக்கும் ஒரு சான்றாகும் என்பது இதனால் தெளிவாகும்.