இசைத்தட்டும் மூல ஏடும்

1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். அதன் பொருட்டு அவர் பல இடங்களிலிருந்தும் ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பெற்றார். பெற்றவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஏட்டில் வேறு சொல்லும் நிற்கக் கண்டு, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டார். படியெடுப்போர் கைமாறுந்தோறும் நூல் சிறிது மாறும். ஆதலின் ஆசிரியருக்கு அண்மையில் நிற்கும் பிரதிக்குத் தனி மதிப்பு உண்டு. இது தமிழாசிரியர் யாவரும் அறிந்த செய்தி.

இதே நெறியை ஏட்டோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஒரு கூட்டத்தார் கையாண்டு வருகின்றனர் என்றால் அது வியப்பன்றோ? 1960களில் மேலைநாட்டிற் பிறந்த 'சைக்கெடெலிக் ராக்' என்னும் இசையின் முதல் அச்சுத் தட்டுகளைத் தேடித் திரட்டுவோரே அக்கூட்டத்தார். வேலையற்றோர் விளையாட்டு என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவர்கள் கண்ட முறை, தமிழர் வீட்டுப் பழந்தட்டுகளுக்கும், கேமரன்மலைத் தேயிலைத் தோட்டத்து லயங்களிற் கிடக்கும் தட்டுகளுக்கும் பொருந்துவது. ஆகவே அஃது ஆராயத்தக்கது.

பெயரும் பிறப்பும்

'சைக்கெடெலிக்' என்னும் சொல் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் மருத்துவர் 1950களின் இடையிற் படைத்தது. 'உள்ளத்தை வெளிப்படுத்துவது' என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். 1966இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து 'தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' குழுவினர் தம் இசைத்தட்டின் தலைப்பிலேயே இச்சொல்லைப் பொறித்தனர். அடுத்த ஆண்டில் இலண்டனில் 'பிங்க் ஃப்ளாய்டு' குழுவின் முதல் நெடுந்தட்டு வெளிவந்தது. இவ்விசை போதை மருந்துப் பழக்கத்தோடு பிணைந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. அப்பழக்கத்தைப் போற்றவும் வேண்டுவதில்லை. எனினும் ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும் பின்னோக்கி ஓடவிட்டும் புதிய ஓசைகளை ஆக்கிய வகையில் அதற்கு இசை வரலாற்றில் இடம் உண்டு.

நம் நாட்டுச் சுருதியும் அதனுட் கலந்தது. பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட 'ரிவால்வர்' என்னும் நெடுந்தட்டின் இறுதிப் பாடல் 'டுமாரோ நெவர் நோஸ்' என்பது. அதில் தம்புராவின் ஒலி அடிநாதமாக நிற்கின்றது. அப்பாடலே முதல் அச்சின் அருமையை விளக்கவும் சிறந்த சான்றாகின்றது. அதனைக் காணுமுன், தட்டு உருவாகும் வகையை அறிதல் வேண்டும்.

தட்டு உருவாகும் வகை

பதிவான ஒலி முதலில் மென்பூச்சுடைய ஒரு தட்டில் வரிப்பள்ளமாக வெட்டப்படும். அதன்மேல் உலோகம் படியச் செய்து பிரித்தெடுத்தால், பள்ளங்கள் மேடுகளாக அமைந்த எதிருரு கிடைக்கும். தொழிலாளர் இதனைத் 'தந்தை' என்பர். தந்தையினின்று எடுக்கும் நேருரு 'தாய்' எனப்படும். தாயினின்று எடுக்கும் எதிருருவே அச்சுவார்ப்பு. அதனைக் கொண்டே கடைக்குச் செல்லும் தட்டுகளை அழுத்துவர். வார்ப்பு தேய்ந்தால் தாயினின்று மற்றொரு வார்ப்பு எடுப்பர். வேறு நாட்டிலோ, பிற்காலத்திலோ, புதிதாக ஒலி வெட்டி மறு அச்சிடுவதும் உண்டு. பாடல் முதன்முதல் வெளிவந்தபோது, முதலில் வெட்டிய மூலத்தினின்று அழுத்திய தட்டே முதல் அச்சு எனப்படும்.

இவ்வரலாறு முழுவதும் தட்டின்மேலேயே எழுதப்பட்டுள்ளது. வரிகள் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வழுவழுப்பான வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்தால் சிற்றெண்களும் எழுத்துகளும் புலப்படும். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தார் மூல எண், தாய் எண், வார்ப்பு எண் ஆகிய மூன்றையும் அவ்வளையத்திற் பொறித்தனர். அவற்றுள் வார்ப்பு எண் இலக்கங்களாக இராது. 'கிராமபோன் லிமிடெட்' என்னும் ஆங்கிலப் பெயரினின்று பத்து எழுத்துகளை எடுத்து, ஒன்று முதல் சுழி வரை அவற்றிற்கு மதிப்பளித்தனர். 'ஜி' என்பது 1. 'ஓ' என்பது 5. இரண்டும் சேர்ந்து நின்றால் அது பதினைந்தாம் வார்ப்பு.

கருநாடக இசை பயின்றோர்க்கு இது புதிதன்று. மேளகர்த்தா இராகங்களின் பெயர்களிற் கடபயாதி முறையால் எண்ணை மறைத்து வைத்தனர் நம் முன்னோர். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. தலைகீழாகப் படித்தால் 15. அதுவே அவ்விராகத்தின் வரிசை எண். எழுத்தில் எண்ணை ஒளிக்கும் கருத்து இரண்டிடத்தும் ஒன்றே.

ஒரு பாடபேதம்

'ரிவால்வர்' தட்டின் ஒற்றையொலிப் பதிப்பில் இரண்டாம் பக்கத்து மூல எண் எக்ஸ்.இ.எக்ஸ். 606. முதன்முதல் அழுத்திய தட்டுகளில் அதனை அடுத்து 1 என்னும் எண் நிற்கும். அத்தட்டுகளில் உள்ள 'டுமாரோ நெவர் நோஸ்', பின்னர் உலகம் கேட்ட பாடலின் ஒலிக்கலவையினின்று வேறானது. தட்டுகள் அச்சாகத் தொடங்கிய பின், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேறொரு கலவையையே விரும்பினார். பக்கம் மீண்டும் வெட்டப்பட்டது. ஆயினும் முன்னர் அழுத்திய தட்டுகள் கடைகளுக்குச் சென்றுவிட்டன. ஆசிரியர் திருத்துமுன் கைநழுவிச் சென்ற படி அது. 606–1 என்னும் எண்ணைப் படிக்கத் தெரியாதார் கையில் அது பழந்தட்டு. தெரிந்தார் கையில் அது பாடபேதம்.

1967இல் வந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அதன் ஒற்றையொலிப் பதிப்பில் 'ஷி இஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல் விரைவாகவும் சுருதி சற்று உயர்ந்தும் ஒலிக்கும். ஈரொலிப் பதிப்பில் அது தாழ்ந்து நிற்கும். பிற்காலத்தில் ஈரொலிப் பதிப்பே பெருவழக்காயிற்று. ஒரு பாடலின் சுருதி யாது என்று கேட்பவர்க்கு, எந்தப் பதிப்பு என்று திரும்பக் கேட்பதே நேர்மையான விடையாகும்.

விலை என்பது வேறு. சான்று என்பது வேறு. பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட வெள்ளையுறை நெடுந்தட்டின் உறைகளில் வரிசை எண் பொறித்தனர். 0000001 என்னும் எண் கொண்ட தட்டு 2015இல் 7,90,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. பெருவிலைக்குக் காரணம் உறையின்மேல் நின்ற எண்ணும் அதனை வைத்திருந்தவர் பெயருமேயன்றி, புதியதோர் இசையன்று. அதனினும் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறும் 606–1 தட்டோ, பிற தட்டுகளில் இல்லாத ஒலியைத் தாங்கி நிற்கின்றது. சேகரிப்போருள் விலையை மட்டும் நோக்குவோர் வணிகர். எண்ணைப் படித்து ஒலியை ஒப்பிடுவோர் ஆராய்ச்சியாளர்.

டம்டம் தந்த தட்டுகள்

இவ்வரலாற்றில் இந்தியாவிற்கும் பங்கு உண்டு. பழைய 78 சுழற்சித் தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரி முதலிய பகுதிகளிற் புரசு போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சி தருவது அது. 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவிற் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிந்தபோது, அவை செருமனியின் ஹானோவர் நகரத்திற்குச் சென்று தட்டாகித் திரும்பின. பாடி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்திற் கூறுவது அத்தட்டுகளில் இன்றும் கேட்கின்றது. பின்னர்க் கல்கத்தாவிலேயே தட்டுகள் அச்சாயின. 1920களின் இறுதியில் டம்டம் தொழிற்சாலை எழுந்தது. தமிழ்த் தட்டுகளேயன்றி மலாய்த் தட்டுகள் பலவும் அங்கு அச்சாகிக் கப்பலேறின. மலாய்ப் பாடகர் பெயரின்கீழ் 'இந்தியாவிற் செய்யப்பட்டது' என்று பொறித்த லேபிள் இருப்பதன் காரணம் இதுவே.

இங்கிலாந்தில் 1960ஐ ஒட்டி 78 சுழற்சித் தட்டுகள் வழக்கொழிந்தன. இந்தியாவிலோ மின்சாரம் எட்டாத ஊர்கள் பல. அங்குச் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனே உதவும். அதற்கு 78 தட்டே ஏற்றது. ஆகவே பீட்டில்ஸ் பாடல்களும் டம்டம்மில் 78 தட்டுகளாக அச்சாயின. அக்குழுவினரின் சொந்த நாட்டிற் காணப்படாத அவ்வடிவத்தை இன்று மேலைநாட்டுச் சேகரிப்பாளர் ஆர்வத்தோடு தேடுகின்றனர். பின்தங்கிய நிலை என்று அன்று கருதப்பட்டதே இன்று அருமைக்குக் காரணமாயிற்று.

மலாயாவில் எழுந்த அலை

1961 நவம்பரிற் கிளிப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூரில் இசை நிகழ்த்தினர். அது கண்ட இளைஞர் மின்கிதாரைக் கையிலெடுத்தனர். பாடகர் ஒருவரும் மூன்று கிதாரும் முரசும் கொண்ட குழுவிற்குக் 'குகிரான்' என்று பெயர் வழங்கிற்று. 'விறுவிறுப்பான கிதார்க் குழு' என்னும் பொருள்தரும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது. இசைக்குப் 'பொப் யே யே' என்று பெயர். பீட்டில்ஸ் பாடலொன்றின் 'யே யே' என்னும் ஒலியினின்று வந்தது அப்பெயர். எம். ஒஸ்மான், ஏ. ரம்லி, ஜெஃப்ரிடின், அட்னான் ஒஸ்மான் முதலியோர் இவ்வகையிற் புகழ்பெற்றனர். இவர்தம் பாடல்கள் பெரும்பாலும் நான்கு பாடல் கொண்ட சிறு தட்டுகளாக, வண்ணப்பட உறையோடு வெளிவந்தன.

இவ்வுறைகளின் காலத்தை அறிய எழுத்திலக்கணமும் துணைசெய்யும். மலேசியாவில் 1972 ஆகஸ்டு 16ஆம் நாள் மலாய்மொழிக்குப் புதிய எழுத்துமுறை வந்தது. அதற்குமுன் பூனையைக் குறிக்கும் 'கூச்சிங்' என்னும் சொல்லிற் சகர ஒலிக்கு இரண்டு உரோம எழுத்துகள் நின்றன; பின்னர் ஒன்றாயிற்று. பழைய முறையில் எழுதிய உறை அதற்கு முற்பட்டது என்று கருத இடமுண்டு. தமிழகத்தில் 1978இல் நிகழ்ந்த எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு, பழைய வடிவ 'லை', 'னை' நிற்கும் தமிழ் உறைகளையும் அவ்வாறே ஆராயலாம்.

2014இற் கார்ல் ஹாம் என்பார் இம்மலாய்ப் பாடல்களைத் தொகுத்து அமெரிக்காவில் வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகட்குமுன் இந்நாட்டு இளைஞர் பாடியதை, உலகம் ஓர் அயலார் தொகுப்பின்வழி அறிந்துகொண்டது. ஈண்டுள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

தோட்டத்து வீடுகளில்

1929இற் போ தேயிலைத் தோட்டம் கேமரன்மலையில் தொடங்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் மலைச்சரிவுகள் பசுமையாயின. தோட்டத்துத் தமிழர் வாழ்விற் பாட்டுப்பெட்டிக்கு ஓர் இடம் இருந்தது. லயத்தை விட்டுக் குடும்பங்கள் பட்டணம் பெயரும்போது, எடை மிக்கதும் இயக்கக் கருவி இல்லாததுமான தட்டே முதலில் ஒதுக்கப்படுவது இயல்பு.

அவ்வாறு ஒதுக்கப்படுவது யாது? எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் பேசும்படம் எதிலும் நடித்தாரல்லர். நாடக மேடையை நிறைத்த அக்குரலுக்கு இன்று கிராமபோன் தட்டே சாட்சி. பிற்காலத்து ஒலிப்பேழைகளிற் கேட்பது படியின் படி. அவற்றில் இரைச்சலை நீக்கும்போது குரலின் நுண்மையும் போகக்கூடும். ஓட்ட விரைவு பிழைத்தாற் சுருதியும் பிழைக்கும். ஐயம் எழுந்தால் முதல் அச்சையே நாடவேண்டும்.

சென்னையில் வி. ஏ. கே. ரங்கராவ் பல்லாயிரம் 78 தட்டுகளைத் திரட்டினார். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. தனிமனிதர் ஆர்வமே இத்துறையின் அடித்தளம் என்பதற்கு இவை சான்று. தோட்டங்களிலும் அத்தகைய பணி இயலும்; பெரும்பொருள் வேண்டியதில்லை. தட்டின் லேபிளில் உள்ள பெயர், எண், நிறம், வளையத்திற் பொறித்த எழுத்துகள், உறையில் எழுதிய பெயரும் நாளும் ஆகியவற்றை மாணவரைக் கொண்டே ஒரு குறிப்பேட்டில் எழுதுவிக்கலாம். யார் வீட்டில், எந்தத் தோட்டத்திற் கேட்கப்பட்டது என்பதும் குறிக்கத்தக்கது. அதனைத் தட்டு தானே கூறாது. முதியோர் உள்ளபோதே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

பாதுகாப்பில் மலைநாட்டிற்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. குளிர்ந்த இடமாதலின் வினைல் தட்டுகள் வெப்பத்தால் வளைவது குறைவு. ஈரம் மிகுதியாதலின் உறைகளிற் பூசணம் படியும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல் நேராக நிறுத்திக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் நன்று. அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைத்தல் ஆகாது. அது அரக்கைக் கரைத்துவிடும். நெடுந்தட்டிற்கு உரிய நுண்ணூசியை 78 தட்டின்மேல் வைத்தலும் தவறு.

கறையான் தின்ற ஏடுகள் எத்தனை என்று இன்று தமிழுலகம் வருந்துகின்றது. அவ்வேடுகளை வைத்திருந்தோர் பலர் தீயவரல்லர். அவற்றின் மதிப்பை அறியாதவர். பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறுமுன் ஒரு தட்டை வெளிச்சத்திற் சாய்த்து அதன் எண்ணைப் படிப்பவர் ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பாராயின், அடுத்த தலைமுறைக்கு அவ்வருத்தம் குறையும்.